ஊசியோடு ஒரு துணையும் வேண்டும்

 

நவம்பர் 14 என்ன நாள்? எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் தினம். பண்டித நேரு பிறந்த நாள்.

அதே நாளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது உலக நீரிழிவு தினம். 1991 முதல் இந்த நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. கனடா நாட்டு டாக்டர் பிரடெரிக் பாண்டிங் பிறந்ததும் நவம்பர் 14-இல்தான். இன்சுலின் மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் அவர் ஒருவர்.

இரண்டும் ஒரே நாளில் வருவது பொருத்தமே. ஏன் தெரியுமா? சர்க்கரை நோய் பெரியவர்களுக்கு மட்டும் வருவதில்லை. குழந்தைகளுக்கும் வருகிறது. ஒரு வயதுக் குழந்தைக்கும் வரலாம். பள்ளிப் பிள்ளைக்கும் வரலாம்.

இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது. அவர்களுக்கு இன்சுலின் ஊசி வேண்டும். ஊசி மட்டும் போதுமா? போதாது. கூடவே ஒரு துணையும் வேண்டும். அது என்ன துணை என்று பார்ப்போம்.

இது வேறு வகை

சர்க்கரை நோயில் பல வகை உண்டு. நாம் அடிக்கடி பார்ப்பது இரண்டாம் வகை. அது பெரும்பாலும் நடு வயதில் வருகிறது. பலர் அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். உணவைக் குறைக்கிறார்கள். காலையில் நடக்கிறார்கள்.

முதல் வகை வேறு. டாக்டர்கள் அதை ‘டைப் ஒன்று’ என்பார்கள்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அங்கேதான் இன்சுலின் சுரக்கிறது. சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்பின் அணுக்களுக்குள் போக வேண்டும். அப்போதுதான் உடம்புக்குப் பலம் கிடைக்கும். உள்ளே போகும் கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின்.

உடம்பில் ஒரு காவல் படையும் உண்டு. அது நோய்க் கிருமிகளோடு போராடும். சிலருக்கு இந்தக் காவல் படை ஆள் தெரியாமல் அடித்துவிடுகிறது. இன்சுலின் சுரக்கும் அணுக்களையே அழித்துவிடுகிறது. பிறகு உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. சாவி இல்லை. கதவு திறப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை நிறைய இருக்கிறது. ஆனாலும் உடம்பு பட்டினி கிடக்கிறது.

இனிப்பு அதிகம் தின்றதால் இது வருவதில்லை. தாயின் வளர்ப்பில் குறை இருந்ததாலும் வருவதில்லை. கண்ணேறு காரணம் இல்லை. பாவ புண்ணியம் காரணம் இல்லை. இது தொற்று நோயும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

அறிகுறிகள் என்ன?

பிள்ளை அடிக்கடி ஒன்றுக்குப் போகும். தாகம் தீராது. குடம் குடமாகத் தண்ணீர் கேட்கும். நன்றாகச் சாப்பிடும், ஆனாலும் மெலிந்துகொண்டே போகும். எப்போதும் சோர்ந்து கிடக்கும். படுக்கையில் ஒன்றுக்குப் போகும் பழக்கத்தை விட்ட பிள்ளை மறுபடியும் போகத் தொடங்கும்.

இப்படி இருந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை, மயக்கம். இவை வந்தால் உயிருக்கு ஆபத்து. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்சுலின் வந்த கதை

இன்சுலின் வருவதற்கு முன் இந்த நோய்க்கு மருந்து இல்லை. நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஒன்றிரண்டு வருடங்களிலோ இறந்துபோனார்கள். டாக்டர்கள் உணவைக் குறைத்துக் குறைத்து நாளைக் கடத்தினார்கள். பிள்ளைகள் எலும்பும் தோலுமாய்க் கிடந்தார்கள்.

1921-இல் கனடாவில் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரி 11 அன்று முதல் நோயாளிக்கு ஊசி போட்டார்கள். அவன் 14 வயதுப் பையன். பெயர் லியோனார்ட் தாம்சன். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தமாக்கினார்கள். ஜனவரி 23-இல் மறுபடியும் போட்டார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் 13 வருடங்கள் உயிர் வாழ்ந்தான்.

கண்டுபிடித்தவர்கள் இந்த மருந்தை வைத்துப் பணம் சேர்க்க விரும்பவில்லை. தங்கள் உரிமையைத் தலா 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இன்சுலின் நோயைத் தீர்ப்பதில்லை. ஆனால் உயிரைக் காக்கிறது. அதனால் தினமும் போட வேண்டும். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

வீட்டில் தினமும் நடப்பது

முதல் வகை நோய் உள்ளவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள்.

காலையில் எழுந்ததும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வேண்டும். எத்தனை இட்லி சாப்பிடப் போகிறோம், எவ்வளவு வேலை செய்யப் போகிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். மதியமும் இப்படித்தான். இரவும் இப்படித்தான்.

ஒரு நாளைக்கு 4 ஊசி என்றால் வருடத்துக்கு 1460 ஊசி. இவ்வளவையும் டாக்டரா வந்து போடுகிறார்? இல்லை. வீட்டில்தான் போடுகிறார்கள். அம்மா போடுகிறாள். அப்பா போடுகிறார். விவரம் தெரிந்த பிள்ளை தானே போட்டுக்கொள்கிறது.

வருடத்தில் 8760 மணி நேரம் உண்டு. டாக்டரோடு இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் யார் துணை? இரவு 2 மணிக்குப் பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டினால் யாரைக் கேட்பது? கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் எப்படி ஊசி போடுவது?

இதெல்லாம் ஏற்கனவே அனுபவப்பட்டவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதே நோயோடு வாழ்கிறவர், அல்லது அப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிறவர்தான் அந்தத் துணை.

வரிசையில் இரண்டு தாய்மார்கள்

ஒரு காட்சியை மனத்தில் நினைத்துப் பாருங்கள்.

அது அரசு ஆஸ்பத்திரி. இன்சுலின் வாங்க வரிசை நிற்கிறது. இரண்டு தாய்மார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருத்திக்கு இளம் வயது. இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. நோய் தெரிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மற்றவள் கொஞ்சம் மூத்தவள். கூடவே 14 வயது மகன் நிற்கிறான்.

“அக்கா, உங்க பையனுக்கும் இதுதானா?”

“ஆமாம்மா. ஆறு வருஷம் ஆச்சு.”

“இவ ஊசியைப் பார்த்தாலே கத்துறாக்கா. எனக்கும் கை நடுங்குது. ஆனா இப்போ சர்க்கரை குறைஞ்சிருக்கு. டாக்டரே ஊசி அளவைக் குறைச்சுட்டார். எங்க ஊர்ல ஒருத்தர் பொடி தர்றார். அந்தப் பொடியாலதான் குறைஞ்சுதாம். ஊசியை அடியோட நிறுத்தச் சொல்றார்.”

மூத்தவள் பதறிப் போகிறாள்.

“நிறுத்திடாதேம்மா! நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். இவனுக்கும் முதல்ல குறைஞ்சுது. நோய் போயிடுச்சுன்னு ஊசியை விட்டுட்டோம். மூணாம் நாள் ஒரே வாந்தி. மூச்சு வாங்குது. ராத்திரியில தூக்கிட்டு ஓடி வந்தோம். நாலு நாள் கண்ணு முழிக்கலை. பொழைச்சது மறுபிறவி.”

இளையவள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொள்கிறாள்.

அந்த மூத்தவள் சொன்னது முற்றிலும் உண்மை. இன்சுலின் போடத் தொடங்கிய பிறகு சிலருக்குக் கொஞ்ச காலம் ஊசி அளவு குறையும். மிச்சம் இருக்கும் அணுக்கள் கொஞ்சம் இன்சுலின் சுரக்கும். சில வாரமோ சில மாதமோ இப்படி இருக்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். இது நோய் தீர்ந்ததாக அர்த்தம் இல்லை. இந்த நேரம் பார்த்துத்தான் போலி வைத்தியர்கள் பெயர் வாங்கிக்கொள்கிறார்கள். ஊசியை நிறுத்தினால் பிள்ளையின் உயிர் போய்விடும்.

அந்தப் பையன் குழந்தையின் பக்கம் குனிகிறான். “இங்கே பாரு பாப்பா. அண்ணன் எப்படிப் போட்டுக்கறேன்னு பாரு” என்கிறான். வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டுகிறான். “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்” என்கிறான். குழந்தை கண் இமைக்காமல் பார்க்கிறது.

டாக்டரும் இதையெல்லாம் சொல்லியிருப்பார். ஆனால் பட்டவள் சொன்னால் மனதில் பதிகிறது. போட்டுக்கொள்கிறவன் காட்டினால் பயம் தெளிகிறது.

நோயாளிகளே துணையான வரலாறு

இப்படி ஒருவருக்கொருவர் துணை நிற்பது புதிதல்ல.

இங்கிலாந்தில் ராபின் லாரன்ஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1920-இல் அவருக்கே சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இனிப் பிழைக்க மாட்டோம் என்று எண்ணி இத்தாலி நாட்டுக்குப் போனார். 1923-இல் லண்டனில் இருந்து தந்தி வந்தது. இன்சுலின் வந்துவிட்டது என்ற செய்தி அது. உடல் மோசமான நிலையிலும் லண்டன் திரும்பினார். பிழைத்தார். பிறகு பல வருடங்கள் சர்க்கரை நோயாளிகளுக்கே வைத்தியம் பார்த்தார். 1934-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். வெல்ஸும் சர்க்கரை நோயாளிதான். அந்தச் சங்கம் இன்றும் வேறு பெயரில் நடக்கிறது.

இன்னொருவர் ஈவா சாக்ஸல். செக் நாட்டுப் பெண். போர்க் காலத்தில் கணவரோடு தப்பிச் சீனாவின் ஷாங்காய் நகருக்குப் போனார். அங்கே அவருக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. 1941 முடிவில் போர் அங்கேயும் பரவியது. கடைகளில் இன்சுலின் கிடைக்கவில்லை.

ஈவாவும் கணவர் விக்டரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மருத்துவப் புத்தகத்தைப் படித்தார்கள். எருமையின் கணையத்தில் இருந்து தாங்களே இன்சுலின் எடுத்தார்கள். முயல்களுக்குப் போட்டுச் சோதித்தார்கள். பிறகு ஈவா தனக்குப் போட்டுக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. அந்த நகரில் இருந்த சுமார் 400 நோயாளிகளுக்கும் கொடுத்து உதவினார்கள். ஒரு நோயாளி மற்ற நோயாளிகளை மறக்கவில்லை.

இந்தியாவிலும் இந்த உணர்வு வளர்ந்து வருகிறது. கேரள அரசு 2018-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் ‘மிட்டாய்’. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கான திட்டம் அது. இன்சுலின் இலவசமாகக் கிடைக்க அது வழி செய்தது. பெற்றோருக்கு ஆலோசனையும் சொல்கிறது. நோயின் பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் பயப்படுவார்கள். மிட்டாய் என்றால் சிரிப்பார்கள் அல்லவா?

எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது?

அனுபவப்பட்டவர்கள் சொல்லித் தரக்கூடியவை நிறைய உண்டு.

மருந்தைக் கெடாமல் வைப்பது ஒன்று. பிரிக்காத இன்சுலின் குப்பியைக் குளிர்ப் பெட்டியின் கதவுப் பக்கம் வைக்கலாம். பனிக்கட்டி உறையும் இடத்தில் வைக்கக் கூடாது. உறைந்த மருந்து வீண். குளிர்ப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானை உதவும். பெரிய பானையில் ஈர மணல் போடுங்கள். அதன் நடுவே சின்னப் பானையை வையுங்கள். மூடிய டப்பாவில் குப்பியைப் போட்டு அதற்குள் வையுங்கள். நிழலில் இருக்கட்டும். மணல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள்.

குப்பியையும் சிரிஞ்சையும் பொருத்திப் பார்ப்பது இன்னொன்று. குப்பியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. மாற்றிப் போட்டால் பெரிய ஆபத்து. 100 மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். எண் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இந்தத் தவறைத் தவிர்க்கலாம். படித்ததன் பலன் இது.

ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு, தொடை என்று மாற்றலாம். ஒரே இடத்தில் போட்டால் அங்கே கட்டி விழும். மருந்து சரியாக ஏறாது.

சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோவதும் உண்டு. கை நடுங்கும். வியர்க்கும். பசிக்கும். படபடப்பு வரும். பேச்சுக் குழறும். 70-க்குக் கீழே போனால் உடனே 3 டீ ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இவற்றையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லித் தரலாம். ஆனால் இரண்டைப் பகிரவே கூடாது.

ஒன்று, ஊசி. ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போடக் கூடாது. அக்காள் தங்கையாக இருந்தாலும் கூடாது.

இரண்டு, மருந்தின் அளவு. “என் பையனுக்கு 10 போடறேன். நீயும் 10 போடு” என்று சொல்லக் கூடாது. ஒவ்வோர் உடம்புக்கும் அளவு வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

பல வீடுகளில் இந்த நோயை மறைக்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் மறைக்கிறார்கள். கல்யாணம் நடக்காது என்று பயம். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. ஊரில் பேச்சு வரத்தான் செய்கிறது.

ஆனால் மறைத்துக் கல்யாணம் செய்தால் என்ன ஆகும்? புகுந்த வீட்டில் அந்தப் பெண் ஊசியை எங்கே ஒளிப்பாள்? எப்போது போடுவாள்? ஒரு வேளை விடுவாள். இரண்டு வேளை விடுவாள். பிறகு உயிருக்கே ஆபத்து.

முதல் வகை நோய் உள்ள பெண்கள் கல்யாணம் செய்கிறார்கள். குழந்தையும் பெறுகிறார்கள். கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரைக் கலந்து சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.  அப்படிக் குழந்தை பெற்ற ஒரு தாய் நேரில் வந்து பேசினால் பத்துப் பெற்றோரின் பயம் தீரும்.

பள்ளியிலும் மறைக்கக் கூடாது. ஆசிரியருக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் தெரியட்டும். பிள்ளைக்கு நடுக்கம் வந்தால் முதலில் பார்ப்பது அவள்தானே? 2017-இல் மத்தியக் கல்வி வாரியம் ஓர் அனுமதி தந்தது. இந்த நோய் உள்ள மாணவர்கள் தேர்வுக்குத் தின்பண்டமும் தண்ணீரும் கொண்டுவரலாம் என்றது. 2023-இல் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வகுப்பில் சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், நடுவில் சாப்பிடவும் இந்தப் பிள்ளைகளை அனுமதிக்கக் கேட்டது. சொன்னால்தான் இந்தச் சலுகை கிடைக்கும்.

விளையாட்டையும் தடுக்காதீர்கள். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-இல் இந்த நோய் தெரிந்தது. அதற்குப் பிறகும் 2003 வரை விளையாடினார். ஒரு நாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் வீரர் அவர்தான்.

துணைக் குழு அமைப்பது எப்படி?

இதற்குப் பெரிய செலவு இல்லை. கட்டடம் வேண்டாம். மேடை வேண்டாம்.

ஆஸ்பத்திரி நர்சிடம் கேளுங்கள். “இதே நோய் உள்ள வேறு குடும்பம் எங்கள் பக்கத்தில் இருக்கிறதா? அவர்களுக்குச் சம்மதம் என்றால் பேச வேண்டும்” என்று சொல்லுங்கள். ஐந்து குடும்பம் சேர்ந்தால் போதும். மருந்து வாங்கும் நாளில் ஆஸ்பத்திரி மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்காரலாம். சர்க்கரை அளவு எழுதிய நோட்டை எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்கு மற்றவர் எழுதிக் கொடுங்கள். செல்போன் எண்களை வாங்கி வையுங்கள். மாதம் ஒரு முறை டாக்டரையோ நர்சையோ அழைத்துச் சந்தேகம் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இன்சுலின் இருப்பு இல்லை என்றால் ஒருவர் கேட்பதைவிட ஐந்து பேர் சேர்ந்து கேட்பது நல்லது. வருகிற மாதம் வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்து வாருங்கள். சோர்ந்துபோய் ஊசியை விட்டவர்கள் உண்டு. கதவைத் தட்டி, “என்னம்மா, ஏன் வரலை?” என்று கேட்க ஒரு குரல் வேண்டும்.

இந்த நோய் இல்லாதவர்களுக்கும் வேலை உண்டு. தெருவில் ஒரு பிள்ளை ஊசி போட்டுக்கொண்டால் முகம் சுளிக்காதீர்கள். “ஐயோ பாவம்” என்றும் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளையோடு விளையாட விடுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழையுங்கள். பந்தியில் உட்கார வைத்து, “ஊசி போட்டாச்சா கண்ணு? சாப்பிடு” என்று சொல்லுங்கள்.

மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் வேலை ஊராருடையது.